பச்சைத் தண்ணீர்

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு கிடையாது என்பது சின்னவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கூண்டு இல்லை, சத்தியம் வாங்குகிற ஆள் இல்லை, அழுகிறவர்கள் இல்லை. உயரமான மேசைக்குப் பின்னால் இரண்டு நீதிபதிகள். அவர்கள் முன்னால் தலையணை கனத்தில் ஆளுக்கொரு காகிதக் கட்டு. வக்கீல் பக்க எண்ணைச் சொன்னால் இருவரும் புரட்டுகிறார்கள். அவள் உதடு கிழிந்ததும், கத்தினதும், காரின் கதவைத் திறக்க முடியாமல் போனதும் அந்தக் கட்டுக்குள் எங்கேயோ ஒரு பக்கத்தில் இருந்தன. அந்தப் பெண்ணே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அவளிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் கீழ்க்கோர்ட்டில் கேட்டு முடித்தாயிற்று.

அரசு வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். "நீங்க வரணும்னு அவசியமே இல்லம்மா. இங்க ஆளைப் பாக்க மாட்டாங்க. எழுதி வெச்சதைத்தான் பாப்பாங்க."

அக்காவும் அதையேதான் சொன்னாள், ஆனால் வேறு குரலில். "எதுக்குடி அங்க போய் உக்காந்து மறுபடியும் புண்ணைக் கிளறிக்கணும்? தண்டனைதான் குடுத்தாச்சே. நீ போனா அது கூடவா போகுது, போகாட்டி குறையவா போகுது?" காலையில் சின்னவள் செருப்பை மாட்டும்போதுகூட, பெரிய மெஷின் மக்கர் பண்ணுகிறது, மெக்கானிக் வருவான், கடையில் ஆள் வேண்டும் என்றாள். மெஷின் மக்கர் பண்ணுவது புதிதல்ல. அக்கா கெஞ்சுவதுதான் புதிது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவும் தங்கையும் நடத்துவது சலவைக் கடை. அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவளை வளர்த்தாள், சோறு ஊட்டினாள், தலை வாரினாள், திட்டினாள். கடைக்கு ஒரு டெலிவரி வேன் இருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் சின்னவள் இரண்டு தெரு தள்ளி இருந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அவன். எல்லோரிடமும் "பயப்படாதீங்க, பிரேக் என் காலடியிலயும் இருக்கு" என்பான். ஒரு நாள் பழைய கிடங்கின் பின்னால் வண்டியை நிறுத்தச் சொன்னான். அவள் தாண்டிப் போகப் பார்த்தாள். அவன் தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தான்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. இப்போது அதை ரத்து செய்யச் சொல்லித்தான் இந்த மேல்முறையீடு. ரத்தானால் அவன் அதே தெருவுக்குத்தான் திரும்பி வருவான். ஸ்கூல் போர்டை இன்னும் கழற்றவில்லை, அவன் தம்பி நடத்துகிறான். காய்கறி வாங்கப் போனால் அந்த போர்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாஸ்டரின் வக்கீல் ஒல்லியான மனிதர். குரல் மட்டும் வெண்ணெய். யாரையும் திட்டவில்லை, மேசையைத் தட்டவில்லை. எழுந்து நின்று அவள் குடியைக் கெடுக்கும் வேலையை அத்தனை மரியாதையாகச் செய்தார்.

"சம்பவம் நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் புகார். சரி, பயம், வெட்கம் என்று கீழ்க்கோர்ட் சொல்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் சாட்சி, அதாவது அந்தப் பெண், கூண்டில் என்ன சொன்னார்? 'அன்று சாயங்காலமே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ரத்தம் பட்ட சட்டையைக் கையில் கொடுத்தேன்' என்கிறார். இப்போது இரண்டாம் சாட்சியைப் பாருங்கள். வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அக்கா." வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'அன்னைக்கு அவ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சட்டை கூடையில கிடந்துச்சு, மத்த துணியோட சேத்து மெஷின்ல போட்டேன். மூணு வாரம் கழிச்சு, போலீசுக்குப் போறதுக்கு முந்தின நாள்தான் சொன்னா.'"

சின்னவளுக்கு முதலில் வேறு யாருடைய வழக்கையோ படிக்கிறார் என்றுதான் தோன்றியது.

"வளர்த்த அக்காவே ஆமாம் போடாத கதையை நாம் எப்படி நம்புவது? கீழ்க்கோர்ட் இதை ஒரே வரியில் தாண்டிப் போகிறது. 'பதற்றத்தில் நாள் குழம்பியிருக்கலாம்' என்று. மூன்று வாரம் குழம்புமா?"

முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

கீழ்க்கோர்ட் விசாரணை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் இப்படிப்பட்ட வழக்கில் சாட்சி கேட்பார்கள். அவள் சொல்லி முடித்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்து அக்கா உள்ளே போனாள். வெளியே வந்தபோது அக்கா முகத்தில் ஈயாடவில்லை. சின்னவளைக் கட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி" என்று அழுதாள். இவளும் சேர்ந்து அழுதாள். அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதை இப்போது நினைத்தால் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. பிறகு தீர்ப்பு வந்தது. முழுசாகப் படிக்கிறேன் என்று உட்கார்ந்தவளிடமிருந்து, "ஜெயிச்சாச்சு, அந்தக் கண்றாவியை எதுக்கு இன்னொரு தடவ படிக்கற" என்று வாங்கி பீரோவில் வைத்ததும் அக்காதான். அக்கறை என்று நினைத்தாள் இவள். நம் வீட்டு ஆள் செய்தால் எதுவும் அக்கறையாகத்தானே தெரியும்.

இடைவேளையில் வராந்தாவில் வக்கீலம்மாவைப் பிடித்தாள். அவர் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அக்கா அப்படியா சொன்னா?"

வக்கீலம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? எனக்கு முன்னாடி இருந்த வக்கீல் சொல்லலையா?"

"யாரும் சொல்லல. நான் அன்னைக்கு சாயங்காலமே சொன்னேன் மேடம். சட்டையை அவ கையிலதான் குடுத்தேன். 'வெளிய மூச்சு விடாதே'ன்னு சொன்னதே அவதான். அதுக்காகத்தான் மூணு வாரம் வாயை மூடிட்டு இருந்தேன். அப்புறம் அவன் வண்டியில வேற ஒரு பொண்ணு உக்காந்து போறதைப் பாத்துட்டு, அவகிட்டகூட கேக்காம நானே ஸ்டேஷனுக்குப் போனேன்."

டீ டம்ளர் பாதியில் நின்றது. "அப்ப அவங்க பொய் சொல்லியிருக்காங்க."

"அவளைக் கூட்டிட்டு வரேன். இப்ப உண்மையைச் சொல்லச் சொல்றேன்."

"இங்க அப்படிப் பண்ண முடியாதும்மா. புதுசா சாட்சி கேக்கறது ரொம்ப அபூர்வம். அப்படியே கேட்டாலும், மனசு மாறி வந்து சொன்னா, அக்காளும் தங்கச்சியும் கூடிப் பேசிட்டு வந்துட்டாங்கன்னுதான் அவர் சொல்வார். கட்டுல என்ன இருக்கோ அதுதான் இருக்கு." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் விளக்கினார். பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் ஒன்றே போதும், வேறு யாரும் ஆமாம் போட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சியம் தன் காலில் நிற்க வேண்டும். சின்னச் சின்ன முரண்பாடு பரவாயில்லை, எல்லோருக்கும் மறதி உண்டு. இது சின்னதல்ல. முகத்தைப் பார்த்து நம்பினவர் கீழ்க்கோர்ட் நீதிபதி. இவர்கள் அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுப்பார்கள், ஆனால் அதற்குக் காரணம் என்ன என்று கேட்பார்கள். அவரோ ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"நாளைக்கு நான் பேசணும்" என்றார் வக்கீலம்மா. "ராத்திரி பூரா மறுபடியும் படிக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

கடையில் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கும் வரவில்லை, அவன் நிழலும் வரவில்லை. அக்கா இஸ்திரி மேசையில் யாருடைய வெள்ளைச் சட்டைக்கோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தங்கை உள்ளே வந்த விதத்தைப் பார்த்ததுமே தெளிப்பதை நிறுத்திவிட்டாள்.

"படிச்சாங்களா?"

அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் முடிந்தது. அதுவரை சின்னவளின் மனசில் ஒரு ஓரமாக ஒரு சப்பைக்கட்டு இருந்தது. எழுதினவர் தப்பாக எழுதியிருக்கலாம், அக்கா சொன்னது வேறாக இருக்கலாம் என்று. அது அங்கேயே செத்தது.

"ஏன்க்கா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உன் சட்டையை வாங்கினேன். கறை இருந்துச்சு. கறையோட துணி கைக்கு வந்தா நான் என்னடி பண்ணுவேன்? தண்ணில போட்டேன். யோசிக்கவே இல்ல. இந்தக் கை அதைத்தானே பண்ணும். நீ ஸ்டேஷனுக்குப் போவேன்னு எனக்குத் தெரியுமா? போலீஸ் வந்து சட்டை எங்கன்னு கேட்டப்பதான் பயந்தேன். தெரிஞ்சே துவைச்சேன்னா தடயத்தை அழிச்சேன்னு என்னை உள்ள வெப்பாங்கன்னு நினைச்சேன். தெரியாம துவைச்சேன்னு சொல்லணும். தெரியாம துவைக்கணும்னா நீ எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது."

"அதனால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட."

"உன்னை எல்லாரும் நம்புவாங்கடி. நீதானே அடிபட்டவ. நான் சொல்றதை யார் கவனிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

"கவனிச்சாங்க. உன்னைத்தான் கவனிச்சாங்க. அந்த ஆள் ஒரு மணி நேரம் பேசினான், அவன் கையில இருந்ததே நீதான். அந்த மாஸ்டர் எனக்கு யாரோ. அவன் பண்ணினதுக்கு அவனை ஜெயில்ல வெச்சாங்க. நீ பண்ணினதுக்கு நான் யார்கிட்ட போவேன்?"

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "நாளைக்கே வரேன். ஜட்ஜு கால்ல விழுந்தாவது சொல்றேன். என்னை உள்ள வெச்சாலும் வெக்கட்டும்."

"இப்ப உன் உண்மை செல்லாது. கேட்டுட்டேன்."

சொல்லிவிட்டு சின்னவள் மாடிக்குப் போனாள். அழுகை வரவில்லை. சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் அக்கா மடியில் தலைவைத்துப் படுத்திருந்ததும், அக்கா தலையைக் கோதிக்கொண்டே, "நான் இருக்கேன்ல" என்று சொன்னதும்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவன் பண்ணினதை நினைத்தால் அருவருப்பு. இதை நினைத்தால், நிற்கும் தரையையே உருவினது போல இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் அவளை நம்பவில்லை, அதற்கெல்லாம் அவள் அசைந்ததில்லை. வீட்டில் ஒருத்திக்கு உண்மை தெரியும் என்ற தைரியத்தில்தான் நிமிர்ந்து நடந்தாள். அந்த ஒருத்திதான் கூண்டில் ஏறித் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் வக்கீலம்மா கண் சிவந்து வந்திருந்தார். தாமதம் ஏன் குற்றமாகாது, ஒற்றைச் சாட்சியம் எப்போது போதும் என்று வரிசையாகத்தான் சொன்னார். ஒல்லி வக்கீல் நடுநடுவே எழுந்து, மிக மரியாதையாக, "அக்காவின் சாட்சியத்துக்கு என் நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை" என்று நினைவூட்டினார். மூத்த நீதிபதி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறாரோ என்றுகூட சின்னவளுக்குச் சந்தேகம். வக்கீலம்மா ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் கையை எடுத்தார்.

"அந்தப் பக்கத்துக்குத்தான் வரப் போறீங்களா? இரண்டாம் சாட்சியோட குறுக்கு விசாரணை?"

"ஆமாம், அங்கதான் வரேன்" என்றார் வக்கீலம்மா.

"நானும் நேத்து அங்கதான் நின்னேன்." நீதிபதி ஒல்லி வக்கீல் பக்கம் திரும்பினார். "உங்க கேள்விதான். நீங்களே படிங்க."

ஒல்லி வக்கீல் படித்தார். இந்தத் தடவை குரலில் வெண்ணெய் கொஞ்சம் உறைந்திருந்தது. போலீஸ் எடுத்து வந்த சட்டையைக் கூண்டில் காட்டி, கீழ்க்கோர்ட்டில் அவர் கேட்ட கேள்வி அது. "'இந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லையே. ரத்தக் கறை துவைத்தாலும் போகாதே. ரத்தம் பட்டது என்று உங்கள் தங்கை சொல்வது பொய்தானே?' பதில்: 'ரத்தம் போகாதுன்னு யார் சொன்னது? வெந்நீர்ல போட்டாத்தான் ஒட்டிக்கும். பச்சைத் தண்ணில உப்பு போட்டு ஊற வெச்சு, கையால கசக்கணும். இதையும் அப்படித்தான் பண்ணினேன். என் கைக்கு வந்த கறை எதுவும் நின்னதில்ல.'"

மூத்த நீதிபதி அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"நான் தனி ஆள்" என்றார் நீதிபதி. "என் சட்டையை நானேதான் துவைக்கிறேன். கூடையில கிடக்கறதை அப்படியே அள்ளி மெஷின்ல போடறவன் எதையும் உப்புத் தண்ணில ஊற வெக்க மாட்டான். ரெண்டுல ஒண்ணுதானே நடந்திருக்கணும்? பார்க்காம மெஷின்ல போட்டாங்களா, பார்த்துத் தனியா ஊற வெச்சாங்களா?"

ஒல்லி வக்கீல், அது பொதுவாகத் தொழிலைப் பற்றிச் சொன்னது என்றார்.

"'இதையும் அப்படித்தான்'னு இருக்கே. கூடப்பிறந்தவ சட்டையில ரத்தத்தைப் பார்த்து, தனியா எடுத்து ஊற வெச்ச அக்கா, என்னாச்சுன்னு மூணு வாரம் கேக்காமலேயா இருந்தாங்க?"

ஒல்லி வக்கீல் கட்டை மூடி வைத்தார். எதைச் சொன்னாலும் அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தங்கையைக் காட்டிக்கொடுக்கும்போது அக்காவின் நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. துவைக்கத் தெரியாதவள் என்று எவனோ சாடை பேசினதும் பொறுக்க முடியவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தங்கைக்காக வாய் தவறியிருந்தால்கூட இவள் போய்க் கட்டிக்கொண்டிருப்பாள். வாய் தவறினது ஒரு சட்டைக்காக.

தீர்ப்பு வர ஒரு மாசம் ஆனது. தண்டனையை உறுதி செய்தார்கள். இந்த முறை சின்னவள் ஒரு வரி விடாமல் படித்தாள். முதல் சாட்சியைக் கேட்டு நம்பிய கீழ்க்கோர்ட்டின் முடிவில் தலையிடக் காரணம் இல்லை என்றும், அவருடைய சாட்சியம் மட்டுமே போதுமானது என்றும் இருந்தது. இரண்டாம் சாட்சி தன்னைக் காத்துக்கொள்ள உண்மையை மறைத்திருக்கிறார், அவரது சாட்சியத்தின் அந்தப் பகுதியை ஒதுக்குகிறோம் என்றும் இருந்தது. அவள் முகத்தையே பார்த்திராத இரண்டு பேர் காகிதத்தைப் புரட்டியே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே இருந்து தலை வாரிவிட்டவளுக்கு அது பிறந்த நாள் முதல் தெரிந்த முகம்.

கீழே வந்தபோது அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிலைச்சுதா?"

"நிலைச்சுது."

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, கும்பிடுவது போலக் கைகளைச் சேர்த்தாள். உண்மையான சந்தோஷம்தான், அதில் கலப்படம் இல்லை. அது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு, "என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்காங்க."

"என்னன்னு?"

"உன்னை ஒதுக்கி வெச்சாத்தான் என்னை நம்ப முடியும்னு."

அக்கா திரும்பி இஸ்திரி மேசைக்குப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அன்று முதல் இருவரும் வேலை விஷயமாக மட்டும் பேசினார்கள். டெலிவரி போச்சா, சோப்புத் தூள் வந்துச்சா, சாவி எங்கே. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பழையபடிதான். ஒரே வீடு, ஒரே கடை, ஒரே சோற்றுப் பானை.

ஒரு நாள் மாடிப்படியில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. அக்கா எடுத்துப் பார்த்தாள். சின்னவளின் துணிகள். கட்டியிருந்த கயிறும் குத்தியிருந்த சீட்டும் எதிர்த்தெரு சலவைக் கடையுடையவை. அக்கா கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு பழக்க தோஷத்தில் மேல் சட்டையை விரித்துக் காலரை நிமிண்டினாள்.

"காலரே சரியா தேய்க்கல. கையில ஒரு பக்கம் கறை அப்படியே இருக்கு பாரு. அவனுக்கு என்ன தெரியும்? இரு, ஒரு நிமிஷத்துல நான் எடுத்துடறேன்."

மேலே நின்றிருந்த சின்னவள் இரண்டு படி இறங்கி வந்து, அவள் கையிலிருந்து சட்டையை வாங்கி மடித்தாள்.

"கறை இருந்தா இருக்கட்டும்" என்றாள்.